ஏழு மணிப் பார்சல்

"பார்சல் இல்லையா? என்னம்மா சொல்ற?"

அவர் போட்ட சத்தத்தில், ரிசப்ஷன் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவர் அச்சு மெஷின் சர்வீஸ் இன்ஜினியர். மாதம் மூன்று நாள் இந்த ஊரில் வேலை, பதினோரு வருஷமாக இதே ஹோட்டல். அடிக்கடி வந்து தங்குகிறவர்களுக்கு ஹோட்டல்காரர்கள் கொடுக்கிற கோல்டு கார்டு அவரிடம் இருந்தது. அதனால் ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயரே 'கோல்டு சார்'.

டிபன் ஹால் எட்டு மணிக்குத்தான் திறக்கும். இவர் ஏழு மணிக்கே கிளம்புகிற ஆள். ஆகவே காலை டிபன் பார்சலாகக் கட்டி ரிசப்ஷனில் தயாராக இருக்கும். ரிசப்ஷன் பெண்தான் கையில் எடுத்துக் கொடுப்பாள்.

இன்று அவள் கை காலியாக இருந்தது.

"இன்னைக்கு இல்லைங்க சார். மன்னிச்சுக்குங்க."

"மன்னிக்கறது இருக்கட்டும். முதல்ல ரூம்ல பழத்தட்டு வச்சீங்க. அதை எடுத்தாச்சு. சாயங்காலம் நாலு மணி வரைக்கும் ரூமை வச்சுக்கலாம்னீங்க. இப்ப பன்னெண்டு அடிச்சா கதவைத் தட்டறீங்க. பெரிய ரூம் காலியா இருந்தா தருவீங்களாம், மூணு வருஷமா அது காலியாவே இல்லையாம்! பத்து நாள் தங்கினா ஒரு நாள் ஓசின்னு சொன்னது, இப்ப முப்பது நாள் தங்கணுமாம். கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பான கதையால்ல இருக்கு?"

சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து மேஜையில் ஓங்கிப் போட்டார்.

"கோல்டு கார்டாம் கோல்டு கார்டு! கவரிங் கார்டுன்னு பேர் வைங்க!"

சோபாக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். கேட்க ஆள் இருந்ததில் அவருக்கு இன்னும் சுருதி ஏறியது.

"அந்தப் பார்சல் லட்சணம்தான் தெரியாதா? முன்னெல்லாம் ஆம்லெட், ஜூஸ், கேக்குன்னு பெட்டி நிறைய இருக்கும். இந்த ஒரு வருஷமா என்ன? நாலு பிரெட்டு, ஆறிப்போன ஒரு முட்டை. போனாப் போகுதுன்னு அதையும் வாயை மூடிக்கிட்டுத் தின்னேன். இப்ப அதுக்கும் வேட்டு வச்சாச்சு!"

"முட்டை ஆறித்தான் இருந்திருக்கும் சார். தப்புதான்," என்றாள் அவள், கார்டைப் பார்த்தபடி.

"ஏம்மா, நான் சோத்துக்காகவா கத்தறேன்? வெளியே கடையா இல்ல?" அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "போன வருஷம் என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு முதல் தடவையா வந்தேனே, ஞாபகம் இருக்கா? பார்சலைக் கையில குடுத்து, 'சாப்பிடாமப் போகாதீங்க சார்'னு நீதானே சொன்ன? இனிமே என்னை இப்படிக் கேக்க இந்த ஹோட்டல்தான் இருக்குன்னு சொன்னேன். அந்த வார்த்தைக்காவது மதிப்பு வேண்டாம்?"

"ஞாபகம் இருக்கு சார்."

"ஞாபகம் இருந்தும் இப்படிப் பண்றீங்க! இதை விடப் போறதில்ல. ஹெட் ஆபீசுக்கே எழுதறேன்."

அவர் போனை எடுத்ததும் அவள் பதறிப்போனாள்.

"வேண்டாம் சார். ஹெட் ஆபீசுக்கு மட்டும் எழுதாதீங்க. நான் ஓடிப்போய் வெளியில ஏதாவது வாங்கிட்டு வந்து தரேன்."

"ஏன், முதலாளி பேர் கெட்டுடுமா? சம்பளம் குடுக்கறவன் மேல எவ்வளவு விசுவாசம் பாரு! அதுல கால்வாசி, பதினோரு வருஷமா வர்றவன் மேல இருக்கக் கூடாதா?"

அவள் மேஜையில் கிடந்த கார்டை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அவர் நின்றபடியே எழுதினார். போன மாதம் வரை தவறாமல் கொடுத்த டிபன் பார்சலைத் திடீரென்று நிறுத்திவிட்டார்கள், இது நம்பிக்கைத் துரோகம், உடனே பதில் வேண்டும். அனுப்பிவிட்டு, டாக்ஸி வரும்வரை சோபாவில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

கோல்டு கார்டுக்காரர்களின் புகாருக்குப் பத்து நிமிஷத்தில் பதில் என்கிற ஒரு சலுகையை மட்டும் ஹோட்டல்காரர்கள் வெட்ட மறந்திருந்தார்கள்.

போன் சிணுங்கியது.

"வந்துடுச்சு பாரு! கேக்கற விதத்துல கேட்டா எல்லாம் நடக்கும்." எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தார்.

"'மதிப்புக்குரிய வாடிக்கையாளருக்கு. இலவசக் காலை உணவு கோல்டு கார்டிலிருந்து சென்ற ஆண்டே நீக்கப்பட்டுவிட்டது. அதன் பிறகும் தங்களுக்கு உணவு கொடுத்து வந்த ஊழியர் யார் என்று விசாரித்து, இன்றே கடும் நடவடிக்கை எடுக்கப்படும். தங்கள் விசுவாசத்துக்கு...'"

'நன்றி' என்று இருந்தது. அதை அவரால் படிக்க முடியவில்லை.

வாசலில் டாக்ஸி ஹாரன் அடித்தது. அவர் அசையவில்லை.

"ஏம்மா... அப்ப இந்த ஒரு வருஷமா நான் தின்னது யாரோடது?"

மேஜை மேலிருந்த போன் அடிக்க ஆரம்பித்தது. ஹெட் ஆபீஸ் நம்பர். அவள் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, அவர் பக்கம் திரும்பினாள்.

"டியூட்டியில எனக்குக் குடுக்கற டிபன்தான் சார். இந்த வாரத்துல இருந்து கேன்டீன்லயே உட்கார்ந்து சாப்பிடணும், வெளியே எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னுட்டாங்க. இல்லைன்னா இன்னைக்கும் கொண்டு வந்திருப்பேன்."