உள்ளே ஒருவர்

"சுகந்தன்."

டேப்லெட்டைப் பார்த்து ஆள் கணக்கெடுத்த பெண் மறுபடியும் கூப்பிட்டாள்.

ஆபீஸ் பார்க்கிங்கில் நின்ற கூட்டம் திரும்பிப் பார்த்தது. யாரும் கை தூக்கவில்லை.

கூட்டத்தில் நின்ற அவன் சட்டைப் பையில் இரண்டு அடையாள அட்டைகள் இருந்தன. ஒன்று அவனுடையது. இன்னொன்று சுகந்தனுடையது.

மாலை ஷிப்டுக்கு இரண்டையும் அவன்தான் கதவில் காட்டினான். சுகந்தன் இன்னும் வந்து சேரவில்லை. தினமும் இப்படித்தான். மறுநாள் முதலில் வருகிறவன் மற்றவனின் அட்டையையும் வாங்கிப்போய்ச் சேர்த்துக் காட்டிவிடுவான்.

தெரிந்தால் இருவருக்கும் வேலை போகும்.

ஒன்பதாவது மாடியில் புகை. தீயணைப்பு ஒத்திகை என்று நினைத்துக் காபிக் கப்போடு இறங்கி வந்தவர்கள் இப்போது அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கார்டு உள்ளதான் இருக்குன்னு காட்டுது. பதினாலாவது மாடி" என்றாள் அவள்.

தீயணைப்பு வண்டி இன்னும் சிக்னலில் நின்றது.

செக்யூரிட்டி ஏகாம்பரம் கைக்குட்டையை நனைத்து மூக்கில் கட்டினார்.

"பாத்ரூம் கீத்ரூம்ல மாட்டிக்கிட்டானோ என்னவோ. இட்டாந்துர்றேன்."

அவன் வாயைத் திறந்தான்.

பக்கத்தில் மேனேஜர் நின்றிருந்தார்.

உள்ளே போனவருக்குப் பின்னால் படிக்கட்டுக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ஏகாம்பரத்தின் வாக்கி டாக்கி நாற்காலியிலேயே கிடந்தது.

கட்டடம் முழுக்கக் கண்ணாடி. திறக்கிற சன்னல் ஒன்றுகூடக் கிடையாது. கீழே இருந்து கத்தினால் மேலே கேட்காது.

கரண்டை நிறுத்தியிருந்தார்கள். இருட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் டார்ச் வெளிச்சம் மட்டும் மாடி மாடியாக ஏறியது.

புகையைத் தாண்டியது.

பதினான்கில் நின்றது.

அவன் தோளில் ஒரு கை விழுந்தது. ஹெல்மெட்டோடு சுகந்தன்.

"செம டிராஃபிக் மச்சான். என்னடா புகை? யாராச்சும் மாட்டிக்கிட்டாங்களா?"

"ஆமா."

"யாரு?"

"நீதான்."

சுகந்தன் சிரித்தான். அவன் சிரிக்கவில்லை. சுகந்தன் மேலே பார்த்தான்.

புகை பத்தாவது மாடிக்கு ஏறியிருந்தது.

சுகந்தன் கையை நீட்டினான். அவன் சுகந்தனின் அட்டையைக் கொடுத்தான். சுகந்தன் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தான். கை தூக்கினான்.

"இங்க இருக்கேன் மேடம்."

"எவ்ளோ நேரமா கூப்பிடறேன், காது கேக்கலையா?"

அவள் திரையைத் தொட்டாள். மேனேஜர் பெருமூச்சு விட்டார். யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

அவனும் தட்டினான்.

ஏகாம்பரம் மாதிரி கான்ட்ராக்ட் ஆட்களின் பெயர் அந்த டேப்லெட்டில் கிடையாது. உள்ளே யாரும் இல்லை என்று திரை காட்டியது.

மேலே வெளிச்சம் தாழ்ந்தது. மேசைக்கு அடியில் தேடுகிறார் போல.

பிறகு அடுத்த மேசைக்கு நகர்ந்தது.