ஆறு மணிக் குரல்

ஆறு மணிக்கு நஸ்வா எழுப்பினாள்.

“அபாங், எழுந்திரிங்க. பூனைக்குச் சோறு வைங்க, மாத்திரையைப் போடுங்க, சட்டையைத் தேய்க்காம கிளம்பிடாதீங்க.”

மனைவி ‘அபாங்’ என்று கூப்பிட்டதும் ஹக்கிமி எழுந்தான். பூனைக்கு வைத்தான், மாத்திரை போட்டான், சட்டையைத் தேய்த்தான். நஸ்வா இறந்து பதினான்கு மாதம் ஆகிறது.

வேண்டியவர் குரலில் எழுப்பும் அந்த அலாரச் செயலியை இருவரும் சேர்ந்துதான் எழுதினார்கள். ஆஸ்பத்திரியில், கடைசி வாரம், அவனுக்காக இதைப் பதிந்து வைத்தாள். பாதி வாக்கியத்திலேயே மூச்சிரைக்கும் நாட்கள் அவை. இதை மட்டும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தாள். அன்று அவன் அலுவலகத்தில் இருந்தான். அவள் கடைசியாகப் பேசியது தன்னிடம்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வான்.

சைபர்ஜெயா அலுவலகத்தில் பழைய மென்பொருளில் எழுதிய செயலிகளையெல்லாம் புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

“உன் அலாரம் ஒண்ணுதான் பாக்கி,” என்றான் பக்கத்து மேசை யோங். “ஊரே குடிபோயாச்சு. நீ இன்னும் பழைய வீட்டுலயே பாயை விரிச்சுப் படுத்திருக்க.”

“இன்னைக்கு முடிச்சிடறேன். வாயை மூடு.”

மதியம் எல்லாப் பிழைகளும் தீர்ந்தன. சோதனைக் கைபேசியில் சார்ஜ் இல்லை. ஹக்கிமி தன்னுடையதைக் கணினியில் செருகினான். திரையில் வழக்கமான கேள்வி வந்தது: பழைய செயலியின் கையொப்பம் பொருந்தவில்லை. அதை நீக்கினால்தான் புதியது ஏறும். அதிலுள்ளவை அழிந்துவிடும். சரியா?

அந்த வாரம் ஐம்பது தடவை அழுத்திய விரல், படிக்காமலே ‘சரி’யை அழுத்தியது.

“ஓடுது பாரு!” யோங் முதுகில் தட்டினான்.

ஓடியது. அலாரப் பட்டியல் காலியாக இருந்தது. அவன் நகல் எதுவும் எடுத்து வைத்திருக்கவில்லை.

காஜாங்கில் மைத்துனி சலீனாவின் வீட்டுக்குப் போனான். அந்த வாரம் முழுக்கப் படுக்கைப் பக்கத்தில் இருந்தது அவள்தான். அவளிடம் ஒரு நகல் இருக்கலாம்.

“அக்கா குரல் உன்கிட்ட இருக்கா? அழிச்சிட்டேன், சலீனா. நானே என் கையால அழிச்சிட்டேன்.” அவனால் தலை நிமிர்த்த முடியவில்லை.

“அழாதீங்க அபாங். போனாப் போகட்டும்.”

“போகட்டுமா? அவ கடைசியாப் பேசினது அது!”

சலீனா அடுப்பை அணைத்தாள்.

“அதுல அக்கா பேசலை. நான் பேசினேன். அவ எழுதிக் காட்டினா, நான் படிச்சேன்.”

ஹக்கிமி நிமிர்ந்தான். பதினான்கு மாதம், தினமும் கேட்ட குரல்.

“நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அபாங் குரலைக் கண்டுபிடிச்சிடுவாரு அக்கான்னேன். அதுக்கு ஒரு வார்த்தை சொன்னா. அப்புறம் அவ வாயே திறக்கலை.”

“என்ன சொன்னா?”

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“‘அவருக்கு வித்தியாசம் தெரியாதுடி.’”