இரும்பு மனுஷி

"இன்னியோட மாத்திரைய நிறுத்தப் போறேன்மா," என்றாள் ஐந்து மாதக் கர்ப்பிணி கெரின். "மனச்சோர்வு மாத்திரை குழந்தைக்கு ஆகாதாம்."

"டாக்டர் சொன்னாரா?"

"பக்கத்து வீட்டு ட்ரேசி சொன்னா. டாக்டர் நிறுத்தக் கூடாதுங்கிறார்."

அம்மா நோலீன், ஹோபார்ட் துறைமுகத்தில் முப்பது வருடம் படகு ஓட்டியவள். புயலுக்கும் அசராதவள்.

"நீ இரும்பு மனுஷி. என்னைச் சுமந்தப்போ ஒரு மாத்திரை தொட்டிருப்பியா?"

நோலீன் தண்ணீர் டம்ளரை நீட்டினாள்.

"தினமும் இதே மாத்திரைதான்டி போட்டேன். அது இல்லேன்னா உன்னைப் பெத்துக்க நான் உயிரோட இருந்திருக்க மாட்டேன். பிறந்ததும் அந்த மாத்திரையால ரெண்டு நாள் உன் கை கால் நடுங்கிச்சு. நர்ஸுங்க கூடவே இருந்து பார்த்துக்கிட்டாங்க."

கெரினுக்குக் கண் நிறைந்தது. "அப்புறம்?"

"மூணாம் நாள் வாயத் திறந்தவ, இன்னும் மூடல!"

சிரித்துக்கொண்டே மாத்திரையை விழுங்கினாள் கெரின்.