மடைக் குடும்பம்

நீலக்கோடுகள் தெரியத் தொடங்கியதும் ராஜமணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மாவுக் கூழை உறையவைத்து, எலி ரத்தத்தை அதில் வைத்து மின்சாரம் பாய்ச்சி, சாயம் ஊற்றினால் இப்படிக் கோடு விழும். எந்த எலி எந்த எலிக்கு உறவு என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். ஓடைப்பட்டிப் பக்கம் அவளுக்கு எலி டாக்டர் என்று பட்டம். பல்கலைக்கழகம்தான் இன்னும் கொடுக்கவில்லை.

கண்மாய்க் கரையில் வளை வளையாக எலி பிடித்துப் பார்த்திருக்கிறாள். மடைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் குடும்பத்துக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு கோடு உண்டு. வேறு எந்த எலிக்கும் அது கிடையாது.

பல வருஷம் கழித்துக் கண்மாய் நிறைந்திருக்கிறது. இன்று மடைக்கருப்பனுக்குக் கிடா வெட்டு. ஊரே கரைக்குக் கீழே சமைத்துச் சாப்பிடக் கூடியிருந்தது. புருஷன் கர்ணன் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு காலையிலேயே போய்விட்டான். வேலையைப் பாதியில் விட முடியாது என்று இவள் மட்டும் தங்கிவிட்டாள்.

இப்போது கூழில் இருப்பது அவள் வீட்டு அடுப்படியில் விடியக்காலம் பிடித்த எலிகளின் ரத்தம். வீடு மேட்டுத் தெருவில். சும்மா ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வைத்தாள்.

எல்லாவற்றிலும் மூன்றாவது கோடு.

குப்பியை மாற்றி வைத்துவிட்டோமோ என்று தன்னையே திட்டிக்கொண்டு கூண்டைப் பார்த்தாள். அதில் பால் கட்டிய மடியோடு ஒரு தாய் எலி இருந்தது. குட்டிகளை வளையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறது.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். அதைப் போட்டுவிட்டு ஒரு குடும்பமே மேடேறி வருகிறதென்றால் வளைக்குள் தண்ணீர் புகுந்திருக்க வேண்டும். அந்த வளைகள் கரையின் உள்பக்கம் புகுந்து வெளிப்பக்கம் திறப்பவை.

பிள்ளையை உடனே மேலே கொண்டுவந்தாக வேண்டும்.

செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடியவள்மேல் நாத்தனார் அக்கம்மாள் மோதப் பார்த்தாள். சொம்பும் கையுமாக, முகமெல்லாம் சிரிப்பாக வந்துகொண்டிருந்தாள்.

"மதினி, மடைக்குக் கீழ புதுசா ஊத்து பொங்குது. கருப்பன் குடுத்த தண்ணின்னு புள்ளைகள எல்லாம் அங்கன வச்சுக் குளிப்பாட்டுறாக."

சொம்பை நீட்டினாள். தண்ணீரில் பாதி கரைமண்ணாக இருந்தது.