பூவரசந் தெரு

“முகம் மட்டும் கீற மாட்டன், பிள்ளை. வீட்டுக்காரம்மா கண்டா, வீட்டைக் காலி பண்ணச் சொல்லிப் போடுவா.”

யோகமலர் தூரிகையைக் கீழே வைத்தாள். பெங்களூர் ஜோகுபாளையத்துப் பள்ளிக்கூடச் சுவரில் அகதிப் பெண்கள் அவரவர் ஊரையும் தங்களையும் வரைந்துகொண்டிருந்தார்கள். யோகமலரின் கடலும் தோணியும் முடிந்துவிட்டன. கரையில் நின்ற பெண்ணுக்கு மட்டும் முகம் இல்லை.

“அவங்களுக்கு என்ன சொல்லிட்டு குடி வந்தீங்க ஆன்ட்டி?” என்றாள் ஓவியம் சொல்லித்தர வந்த ஸ்னேஹா.

“இலங்கை எண்டா ஆர் வீடு தருவினம்? சேலம் எண்டு சொன்னன். பார்த்தா, அவவும் சேலமாம்! எந்தத் தெரு எண்டு கேட்டா. வாயில வந்தபடி பூவரசந் தெரு எண்டன்.”

“அய்யோ! மாட்டிக்கிட்டீங்களா?”

“எங்க! ‘அங்கதான் எங்க பெரியம்மா வீடு’ எண்டு அவவுக்கு ஒரே சந்தோசம். அண்டையிலயிருந்து அவவுக்கு முன்னால வாய் திறக்கவே பயம். இனியும் ஒரு வீடு தேட எனக்குத் தெம்பில்லை.”

ஸ்னேஹா சிரித்து முடிப்பதற்குள் பின்னால் ஒரு குரல் கேட்டது.

“ஏண்டி யோகா, சேலத்துல ஏதுடி கடல்?”

வீட்டுக்காரம்மா சொர்ணம் காய்கறிப் பையுடன் நின்றிருந்தாள்.

பழகி வைத்திருந்த பெங்களூர்த் தமிழ் யோகமலருக்கு வரவில்லை. “அக்கா... பிள்ளையளோட எங்க போவன்? இந்த மாசம் மட்டும் பொறுங்கோ...”

சொர்ணம் பையை ஸ்னேஹாவின் கையில் திணித்துவிட்டுத் தூரிகையை எடுத்தாள். யோகமலரின் கடலிலேயே, காலியாக இருந்த மூலையில் ஒரு கப்பல் வரைந்தாள். கோணலாகத்தான் வந்தது. அதன்மேல் ஒரு சிறுமி. அவளுடைய இரண்டு கன்னத்திலும் மஞ்சளை அப்பினாள்.

“ரங்கூன்ல நாங்க இப்படித்தான் பூசிக்குவோம், சந்தனம் மாதிரி. அறுபத்துநாலுல கப்பல் ஏறினப்போகூட நான் அதைக் கழுவலை. இங்க வந்தப்புறம், பர்மா அகதின்னா யாரு பொண்ணு எடுப்பாங்க? நாற்பது வருஷமா வாயைத் திறக்கலை.” தூரிகையை நீட்டினாள். “நீ முதல்ல அந்த முகத்தை வரை.”

யோகமலர் வாங்கிக்கொண்டாள். “அப்ப, பூவரசந் தெருவில உங்கட பெரியம்மா வீடு?”

“சேலத்தை யாருடி பார்த்தது? நீ ஒரு தெரு சொன்னே; பெரியம்மாவை அங்கேயே குடி வெச்சிட்டேன்!”