குப்பைக்குப் போன தலையணை

"ஏனுங்க சார், பெத்தவளையே அசிங்கமாப் பாக்கறதுக்குத்தான் கம்ப்யூட்டர் சொல்லித் தர்றீங்களா?"

கோமளா நுழைந்த வேகத்தில் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையின் கதவு சுவரில் மோதித் திரும்பியது. மயில்சாமி சார் எழுந்தே நின்றுவிட்டார்.

"அன்புசெல்வி அம்மாதானுங்களே? உக்காருங்க."

"உக்காரறதுக்கு வரலீங்க. பனியன் கம்பெனில அரை நாள் லீவு சொல்லிட்டு வந்துருக்கறேன்."

கொங்கு நாட்டுக் கோபம். மரியாதை குறையாமலே வெட்டும்.

"ஒரு வாரமா எம்புள்ள என்னையக் கிட்டச் சேக்கறதில்லீங்க. வேலை முடிஞ்சு வந்தா வாசல்லயே நிறுத்தறா. 'தலையத் தட்டு, சேலைய மாத்து, அப்பறம் ஊட்டுக்குள்ள வா'ங்கறா. லைன் ஊட்டுல அக்கம்பக்கத்துக்காரங்க அத்தனை பேரும் சிரிக்கறாங்க!"

"அது வந்துங்க..."

"இருங்க. நேத்து என்னோட தலையணைய அறுத்துக் குப்பைல கொட்டிட்டா! கட்டிங் வேஸ்ட் துணியச் சேத்துச் சேத்து நானே தெச்சதுங்க. ஏன்டீன்னு ரெண்டு வெச்சேன். 'கேம்ல அப்படித்தான்'ங்கறா. பத்து வயசுல இந்தத் திமிரு எங்கிருந்து வந்துச்சு?"

ஊரார் முகம் சுளித்தால் தாங்கிக்கொள்ளலாம். வயிற்றில் பிறந்தது சுளித்தால்? மேலே பேச வாயெடுத்தவளை இருமல் பிடித்துக்கொண்டது. சார் நீட்டிய தண்ணீரை அவள் வாங்கவில்லை.

"அந்த கேமை நான் வாங்கலீங்க," என்றார் அவர். "உங்க கம்பெனில இந்தப் பழைய கம்ப்யூட்டரைக் குடுத்தப்ப கூடவே வந்த சிடி. மூச்சுத் திணறி நிக்கற ஒரு ஆளு. படுக்கை, துணி, தலையணைன்னு தூசி எங்கெங்க இருக்குதோ அதையெல்லாம் எடுத்தா அந்த ஆளு பொழைச்சுக்கும். அவ்வளவுதானுங்க."

"தூசியா? அந்தத் தூசிலதான் சார் அவளுக்குச் சோறு வருது. அவளுக்கு நோவு கொண்டாறவளா நானு?"

சார் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார்.

"மூச்சுத் திணறற ஆளுக்கு நாமதான் பேரு வெக்கோணுங்க. மத்த பசங்க சினிமாக்காரங்க பேரா வெப்பாங்க. உங்க புள்ள வெச்சதப் பாருங்க."

கோமளாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த ஆறு எழுத்து மட்டும் தெரியும். கம்பெனி கார்டில் தினமும் பார்ப்பது. திரையில் மேலிருந்து கீழ்வரை, ஆடின ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கோமளாவின் பெயரேதான் இருந்தது.

கோமளா பிள்ளையை அடித்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"ஊட்டுத் தூசியை ஒண்ணு விடாம எடுத்தர்றாளுங்க," என்றார் சார். "ஆனா தெனமும் என்னை ஒரு கேள்வி கேக்கறா. நானும் கேம் முழுக்கத் தேடிட்டேன், கெடைக்கலீங்க."

"என்னன்னுங்க?"

"'சார், எங்கம்மா கம்பெனித் தூசிய எடுக்கறதுக்கு எந்தப் பட்டன அமுத்தோணும்?'"