ஈரத் துண்டு

இன்பராஜின் கையில் ஒட்டியிருந்த சின்ன உணர்கருவி வில்லை, காலைதோறும் ரத்தத்தின் அழற்சியை அளந்து, புற்றுநோய்க்கு மருந்து கேட்குமா கேட்காதா என்பதை மனைவி லூர்துவின் செல்போனுக்கு மட்டும் சொல்லும். நோயாளி பதறினால் அளவு ஏறிவிடுமாம். அதனால் அவருக்குச் சொல்லக் கூடாது.

லூர்துவின் முகத்திலிருந்து எதுவும் தெரியாது. ஆகவே, இன்பராஜ் குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டை வேண்டுமென்றே கட்டிலில் போடுவார்.

“எத்தன தடவ சொல்லுறது? கொடியில போட்டா கை தேஞ்சா போயிரும்?” என்று அவள் ஏசினால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாக இறங்கும்.

இன்றும் போட்டார். லூர்து துண்டை எடுத்து, உதறி, கொடியில் காயப்போட்டாள்.

“சாப்பிட வாங்க” என்றாள், மெதுவாக.

“ஒரு வார்த்த ஏசிட்டுப் போயேன், லூர்து.”